பதினாலாவது கட்டம்

கிளியம்மாளுக்குச் சணல் சுற்ற வரும். இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், இரும்புக் குழாயின் திருகு மரையில் சணல் சுற்றிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நாலு இழை கூடினால் சாக்கெட் ஏறாது. நாலு இழை குறைந்தால் தண்ணீர் கசியும். மரை ஓடுகிற பக்கமாகவே சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் சாக்கெட்டைத் திருகத் திருகச் சணல் கழன்று தாடி மாதிரி வெளியே தொங்கும். முதல் மரையை விட்டுவிட்டு இரண்டாவதில் பிடித்து, கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போய், மேலே ஒயிட் லெட் பசையை வழித்துத் தடவ வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. கற்றுக்கொள்ள அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

பன்னிரண்டு வருஷமாக அவள் சுற்றிக் கொடுக்கிறாள், புருஷன் பொன்னுரங்கம் ரெஞ்சு போட்டு இறுக்குகிறான். பொன்னுரங்கம் போட்ட ஜாயிண்டில் ஒரு சொட்டுக் கசியாது என்று வசந்தபுரி நகர் முழுக்கப் பேச்சு. அந்தப் பேர் தன் ரெஞ்சுப் பிடிக்கு வந்தது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். நினைத்துக்கொள்ளட்டும், நினைப்புக்கு வரியா கட்டுகிறோம் என்று அவளும் விட்டிருந்தாள்.

வசந்தபுரி நகர் தாம்பரத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரையைத் தாண்டி இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கம் வரை அங்கே நெல் விளைந்தது. பொன்னுரங்கத்தின் அப்பாவுக்கு அதில் மூன்று காணி. விற்றார். விற்றதில் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார், மிஞ்சியதில் ஒரு புல்லட் வாங்கினார், ஏரிக்கரையில் இரண்டு தடவை விழுந்து அதையும் விற்றார். மகனுக்கு வந்து சேர்ந்த சொத்து, எங்கே தோண்டினால் களிமண், எங்கே தோண்டினால் பாறை என்கிற விவரம் மட்டும்தான். பிளாட் போட்டு, வாத்தியார்களும் பாங்கிக்காரர்களும் வீடு கட்ட வந்தபோது அந்த விவரம் சோறு போட்டது. காலனியில் பாதிக் குழாய் அவன் போட்டதுதான்.

ஆனால் ஆபீஸ் காகிதத்தில் அப்படி இல்லை. தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு இணைப்பு வேண்டுமென்றால், லைசென்ஸ் வைத்திருக்கிற பிளம்பர் செய்ததாக விண்ணப்பத்தில் கையெழுத்து வேண்டும். லைசென்ஸ் இருந்தது ஜெபராஜ் அண்ணனிடம். பள்ளம் பொன்னுரங்கத்துடையது, கையெழுத்து ஜெபராஜுடையது. அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம், ஒருவரும் அதை ஒளித்துச் செய்யவில்லை. எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்க வேண்டாம். நாளைக்கும் அங்கே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் ஒரு நாள். மூன்றாம் குறுக்குத் தெருவில் இடுப்பளவுப் பள்ளம். தூறல் விட்டபாடில்லை. கிளியம்மாள் பள்ளத்தில் ஊறிய தண்ணீரைச் சட்டியில் மொண்டு மொண்டு மேலே கொட்டிக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கம் மண்டியிட்டு மரை போட்டுக்கொண்டிருந்தான். ஜெபராஜ் தன் டி.வி.எஸ். ஃபிஃப்டியை ஓரங்கட்டி, குடையை விரித்துக்கொண்டு மேலே வந்து நின்றார்.

"பொன்னுரங்கம், மேல ஏறி வா. ஒரு சங்கதி."

"இன்னாண்ணா, அங்கேர்ந்தே சொல்லு. கை உட்டா தண்ணி ரொம்பிடும்."

"நான் ஊருக்குப் போறேன் தம்பி. ஒரேயடியா. நாசரேத்துல மக வீட்டுக்கு. முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். டிசம்பரோட லைசென்ஸை ஒப்படைச்சிடறேன்."

பொன்னுரங்கம் நிமிர்ந்தான். கேள்வி என்னவோ கிளியம்மாளிடமிருந்துதான் வந்தது.

"அப்போ கையெய்த்து?"

"அதைச் சொல்லத்தானே வந்தேன் கிளி. இனிமே கையெழுத்து மட்டும் இருந்தா ஓடாது. புது ரூல் போட்டிருக்கான். லைசென்ஸ்காரன் போட்டோ கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் பள்ளத்துல நிக்கணும். கார்டு இல்லாதவன் ரோட்டைத் தொட்டா சாமான் செட்டை அள்ளிக்கிட்டுப் போயிடுவான்."

"இன்னாண்ணா, இப்டி பேஜார் பண்றானுங்க," என்றான் பொன்னுரங்கம்.

"பேஜார் ஒண்ணுமில்ல. லைசென்ஸ் நீயே எடுத்துடு. எட்டாங்கிளாஸ் பாஸ் பண்ணியிருக்கணும். லைசென்ஸ்காரன்கிட்ட அஞ்சு வருஷம் உதவியாளா இருந்திருக்கணும். அப்புறம் ஒரு பரீட்சை. சர்ட்டிபிகேட் நான் எழுதித் தரேன். நவம்பர் பதினஞ்சுக்குள்ள பாரம் போட்டுடணும், பார்த்துக்கோ. இதை விட்டா அடுத்த பரீட்சை ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்."

அவர் போன பிறகும் பொன்னுரங்கம் மரைக்கட்டையைப் பிடித்தபடியே நின்றான். பள்ளத்தில் தண்ணீர் முழங்கால் வரை ஏறிவிட்டது.

"எட்டாவது பாஸுதானே நீ?" என்றாள் கிளியம்மாள்.

"ஒம்போதாவது பெயிலு. அப்போ எட்டாவது பாஸுதானே?"

அன்று வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மழை நாளில் அந்த வாசனை தெருமுனை வரை போகும். அதைப் பிடித்துக்கொண்டு வந்ததுபோல அவள் தம்பி லோகநாதன் வந்து உட்கார்ந்தான். திருமுடிவாக்கத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் அவனுக்கு வேலை. விஷயத்தைக் கேட்டதும் கையோடு ஒரு வழி சொன்னான்.

"எங்க ஷெட்டுல வாட்ச்மேன் கேக்கறாங்க மாமா. காக்கிச் சட்ட, தொப்பி, சேரு எல்லாம் குடுத்துருவாங்க. குந்திகினே இருக்கலாம். இந்த லைசென்சு கிசென்சு எல்லாம் நம்பளால ஆவுமா?"

"அப்போ நான்?" என்றாள் கிளியம்மாள்.

"உனுக்கு இன்னாக்கா, காலனில நாலு வூடு பாத்தா பாத்தரம் தேய்க்கற வேல கெடைக்காதா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பாத்திரம் தேய்ப்பது மட்டமான வேலை என்பதால் இல்லை. கையில் ஒரு வேலை இருக்கிறவளைப் பார்த்து, கையே இல்லாதவளிடம் பேசுகிற மாதிரிப் பேசினானே என்றுதான்.

"கம்முனு துண்ணுட்டு எய்ந்து போடா. எனுக்கு வேல தெரியும்."

"இன்னா வேலக்கா?"

அவள் இன்னும் ஒரு கரண்டிக் குழம்பை அவன் தட்டில் ஊற்றினாள், பேசாமல் தின்னட்டும் என்று.

சர்ட்டிபிகேட்டை ஜெபராஜ் சொன்னபடியே எழுதித் தந்தார். 'மேற்படி பொன்னுரங்கம் என்னிடம் பன்னிரண்டு ஆண்டுகளாக உதவியாளராக இருந்து, என் மேற்பார்வையில் சாமான்கள் எடுத்துக் கொடுத்துத் தொழில் பழகியவர்.' அதைப் படித்ததும் பொன்னுரங்கத்துக்கு மூக்கு விடைத்தது.

"பாத்தியாமே? பன்னெண்டு வருசத்துல இந்தாளு ஒரு தபா பள்ளத்துல எறங்கிக்கீறாரா? நான் இவுருக்கு சாமான் எட்த்துக் குட்த்தனாம்!"

"எய்துனா எய்திட்டுப் போறாரு. உனுக்கு கார்டு வோணுமா, ரோசம் வோணுமா?"

கார்டுதான் வேண்டும் என்று முடிவாயிற்று. மறுநாள் இருவரும் ஆபீசுக்குப் போனார்கள்.

தண்ணீர் செக்‌ஷனில் கிளார்க் ஸ்ரீரங்கன். நல்ல மனுஷர். யாரையும் 'நாளைக்கு வா' என்று அனுப்ப மாட்டார். இன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடுவார். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கு. ப்ரூஃப் எங்க?"

"இன்னா ப்ரூப் சார்? அண்ணன் எய்திக் குட்த்துகீறாரே."

"அது சர்ட்டிபிகேட். நாளைக்கு உங்க மாமாவுக்குக்கூட அவர் எழுதித் தரலாம். கனெக்‌ஷன் ஃபார்ம்ல பதினாலாவது கட்டம் ஒண்ணு இருக்கு, 'பணியில் உடனிருந்த உதவியாளர் பெயர்'னு. அதுல உங்க பேர் இருக்கணும். நிறைய வேண்டாம். அஞ்சு வருஷத்துக்கு முந்தின தேதியில ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும்."

சொன்னதோடு நிற்காமல் அவரே எழுந்து போய், அலமாரியிலிருந்து ஜெபராஜ் கையெழுத்துப் போட்ட ஃபைல்கள் இருபதைத் தூசி தட்டி எடுத்து வந்தார். பிரித்துப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் பெயர் இருந்தது, பிளாட் நம்பர் இருந்தது, பைப்பின் அளவு இருந்தது. பதினாலாவது கட்டத்தில், இருபதிலும், ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு கோடு.

கிளியம்மாள் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். அதைவிட, யார் எழுத்து என்று பார்த்ததும் சொல்ல வரும்.

"யோவ், இது உன் எய்த்துதானே?"

ஆமாம், அவன் எழுத்துதான். ஜெபராஜ் கையெழுத்து மட்டும்தான் போடுவார். பாரத்தை நிரப்பிக்கொண்டு போவது பொன்னுரங்கம். முதல் பாரத்திலேயே அவர், 'அந்தக் கட்டத்துல கோடு போட்டுடு தம்பி, பேர் இருந்தா நாளைக்கு ஏதாவது கேள்வி வரும்' என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் போட ஆரம்பித்த கோடு. பிறகு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கை தானாகப் போட்டது.

"சார், எய்துனதே நான்தான் சார். இந்தக் கோடே நான்தான் போட்டேன்."

"கோடு போட்டவர் பேரை எங்க சார் தேடறது?" என்றார் ஸ்ரீரங்கன், உண்மையான வருத்தத்தோடு. "ஒண்ணு பண்ணுங்க. இவர்தான் வேலை செஞ்சார்னு வீட்டுக்காரங்க யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தா, ஏ.இ. மேடம்கிட்ட வெச்சுப் பார்க்கலாம். பதினஞ்சாம் தேதிக்குள்ள."

அதற்கு ஒன்பது நாள் இருந்தது. காலனியில் கையெழுத்துப் போடத் தெரியாதவர் எவரும் இல்லை. இது ஒரு பெரிய காரியமா என்றுதான் கிளியம்மாள் நினைத்தாள்.

முதலில் இரண்டாம் குறுக்குத் தெரு லக்ஷ்மிநாராயணன். பாங்கியில் ஆபீசர். உட்காரச் சொல்லி, மனைவியைக் காபி கொண்டுவரச் சொன்னார்.

"நம்ம பொன்னுரங்கத்துக்கு இல்லாத லைசென்ஸா! நீதானப்பா போட்டே, நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேனே. தங்கமான வேலை."

"அத்தயே ஒரு வரி எய்திக் குட்த்துடுங்க சார்."

லக்ஷ்மிநாராயணன் காபியை ஆற்றினார். ரொம்ப நேரம் ஆற்றினார்.

"இல்லப்பா, அதுல ஒரு சிக்கல். ஜெபராஜ் செஞ்சார்னு ஃபார்ம்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப நீ செஞ்சேன்னு எழுதித் தந்தா, அப்ப எழுதினது பொய்னு ஆயிடும். நாளைக்குக் கனெக்‌ஷனையே இர்ரெகுலர்னு சொல்லிட்டா? யார் கேட்டாலும் நான் வாயால சொல்றேன். எழுத்துல வேண்டாமே."

ஏழு வீட்டுக்குப் போனார்கள். ஏழு வீட்டிலும் காபி கிடைத்தது. ஏழு வீட்டிலும் வாயால் சொல்லத் தயாராக இருந்தார்கள். ஒரு வீட்டில் பேச்சோடு பேச்சாக, மாடிக் குழாய் சொட்டுகிறது, கொஞ்சம் பார்த்துவிடு என்றார்கள். பொன்னுரங்கம் அதையும் ஏறிப் பார்த்துவிட்டு வந்தான். கிளியம்மாளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"ஒரு வரி எய்தலை, அவுங்க கொயாய்க்கு வாஷர் மாத்திட்டு வர்றியே, வெக்கமா இல்ல?"

"சொட்டிகினு இருந்துச்சிமே," என்றான் அவன்.

பழகின வீடுகளில் பாக்கி இருந்தது நான்காம் குறுக்குத் தெரு டீச்சரம்மா. அபிதகுஜாம்பாள் என்று பெயர். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர், ஒண்டிக்கட்டை. காலனியில் முதலில் வீடு கட்டியவரும் அவர்தான். அந்தத் தெருப்பக்கமே பொன்னுரங்கம் திரும்பவில்லை.

"அங்க வோணாம்மே. அந்தம்மா கோவக்காரி."

"கோவக்காரியா இருந்தா இன்னா, கடிச்சா துண்ணுடுவாங்க?"

"வோணாம்னா வுட்டுடேன்."

இவன் ஏதோ மறைக்கிறான் என்று கிளியம்மாளுக்குத் தெரிந்துபோயிற்று. மறுநாள் அவனை மூன்றாம் குறுக்குத் தெருவில் மண் தள்ள விட்டுவிட்டுத் தனியாகப் போனாள்.

டீச்சரம்மா சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். கிழங்கைக் கீழே வைத்தார்.

"பதினாலாவது கட்டமா? அதுல நான் எழுதினேனே!"

"எய்துனீங்களா?"

"ஆமாம். உன் ஆம்படையான் கோடு போட்டு எடுத்துண்டு வந்தான். கட்டம்னு ஒண்ணு இருந்தா நிரப்பணும், காலியா விடறவாளுக்கு என் கிளாஸ்ல முட்டைன்னு சொல்லி, வேற ஃபார்ம் வாங்கி நானே என் கையால எழுதினேன். பொன்னுரங்கம்னு."

கிளியம்மாளுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி வருவதற்குள் டீச்சரம்மாவே தொடர்ந்தார்.

"மறுநாள் காலங்கார்த்தால வாசல்ல வந்து நிக்கறான். 'டீச்சரம்மா, எம்பேர எட்த்துடுங்க, அண்ணன் தப்பா நெனைச்சுக்குவாரு'ன்னு. அழாத குறை. ஏண்டா, தோண்டினது நீ, உன் பேர் இருந்தா என்னடான்னேன். 'நம்பளுக்கு எதுக்கு டீச்சரம்மா பேரெல்லாம்'ங்கறான். போடான்னு அடிச்சுக் கொடுத்தேன்."

"அட்ச்சிட்டீங்களா?" என்றாள் கிளியம்மாள்.

"அடிச்சேன்னா, கிறுக்கி அழிச்சேன்னு நினைச்சியா? முப்பது வருஷம் பேப்பர் திருத்தினவ நான். ஒத்தைக் கோடு. பக்கத்துல கையெழுத்து, தேதி. என்னத்தை அடிச்சோம்கிறது பின்னால வரவாளுக்குத் தெரியணும்."

உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து கார்பன் காப்பியை எடுத்து வந்தார். ஊதா நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. பதினாலாவது கட்டத்தில் 'பொன்னுரங்கம்' என்று குண்டு குண்டாக எழுத்து. அதன் நடுவே ஒரு மெல்லிய கோடு. பக்கத்தில் டீச்சரம்மாவின் கையெழுத்து. 9-8-1984.

"ஒரிஜினல் ஆபீஸ்ல எங்கயாவது கிடக்கும். நம்பர் மேல இருக்கு பார். போறச்சே சேப்பங்கிழங்கு ரெண்டு எடுத்துண்டு போ."

மூன்றாம் குறுக்குத் தெருவுக்கு வந்ததும் அவள் காப்பியைப் பொன்னுரங்கத்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தான்.

"ஊரே உன் பேர எய்த மாட்டேங்குது. எய்துன ஒரு மகராசிகிட்டயும் போயி நீயே அட்ச்சிட்டு வந்துகீற. நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"அப்போ வேலதான்மே முக்கியமா இருந்துச்சி. அண்ணன் கையெய்த்துப் போடலன்னா சோத்துக்கு இன்னா பண்றது? பேரு இன்னாத்துக்குன்னு இருந்துட்டேன்."

அவளுக்குத் திட்ட இன்னும் நிறைய இருந்தது. ஆனால் அவன் அந்தக் காகிதத்தை வாங்கி, ஈரக்கையால் தொட்டுவிடாமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றான். மனசு கேட்கவில்லை. போய் மண்சட்டியை எடுத்தாள்.

பதினான்காம் தேதி. ஸ்ரீரங்கன் நம்பரைப் பார்த்து, பழைய கட்டு போட்டு வைத்திருந்த அறைக்கு ஆள் அனுப்பி, ஒரு மணி நேரத்தில் ஒரிஜினலைப் பிடித்துவிட்டார். பிடித்த பிறகு அவருக்குச் சங்கடம் வந்துவிட்டது. இருவரையும் கூட்டிக்கொண்டு ஏ.இ. அறைக்குப் போனார். ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், நாற்பது வயசுக்குள் ஒரு அம்மா. சேலைக் கரையில் சிமெண்ட் ஒட்டியிருந்தது.

"பேர் இருக்கு மேடம். ஆனா அடிச்சிருக்கு. அடிச்ச பேரை எப்படிக் கணக்குல எடுத்துக்கறது?"

"யார் அடிச்சது?"

"வீட்டுக்கார அம்மா. கையெழுத்து, தேதி எல்லாம் போட்டிருக்காங்க."

"எதுக்காம்?"

ஸ்ரீரங்கன் பொன்னுரங்கத்தைப் பார்த்தார். பொன்னுரங்கம் தரையைப் பார்த்தான். கிளியம்மாள் பின்னாலிருந்து அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"நான்தான் மேடம் அடிக்கச் சொன்னேன். லைசென்ஸ் வெச்சிகீற அண்ணன் கோச்சுக்குவாருன்னு."

ஏ.இ. அம்மா சிரிக்கவில்லை. காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இல்லாத ஆள் பேரை அடிக்கச் சொல்லி யார் சார் வந்து கெஞ்சப் போறா? வேலைக்கு நின்னிருக்கார். வாங்கிப் போடுங்க."

அவ்வளவுதான். வெளியே வந்து பொன்னுரங்கம் டீ வாங்கிக் கொடுத்தான். கிளியம்மாள் பொறை ஒன்றும் சேர்த்துத் தின்றாள்.

பரீட்சை தை மாதம், தண்ணீர் டாங்கி வளாகத்தில். ஒரு வாரமாக அவன் பைப் அளவு, சரிவுக் கணக்கு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். "சணலு ரெண்டு தபா சுத்திப் பாருய்யா, கை பயகட்டும்," என்று அவள் சொன்னாள்.

"போமே, சணல் சுத்தறது ஒரு வேலயா?" என்றான்.

மொத்தம் ஒன்பது பேர். எழுத்து வேலையும் கேள்வி பதிலும் உள்ளே முடிந்தன. பிறகு கொட்டகையில் செய்முறை. கொட்டகைக்குச் சுவர் இல்லை. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாலே தெரியும். கிளியம்மாள் சோற்றுத் தூக்கோடு அங்கே நின்றாள். பைப்பை வெட்டு, மரை போடு, எல்போ வளைவு போட்டு இணை, பம்ப் வைத்து அழுத்தம் ஏற்று, பத்து நிமிஷம் சொட்டுக் கசியக் கூடாது.

வெட்டினான். மரை போட்டான். மற்றவர்களைவிட முன்னால் முடித்தான். பிறகு சணல் கட்டைக் கையில் எடுத்தான். எடுத்த எடுப்பிலேயே தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. கொத்தாகப் பிய்த்துவிட்டான், இவ்வளவு எதற்கு? முதல் மரையிலிருந்தே சுற்றுகிறான். அமுக்காமல் சுற்றுகிறான். பூசாரி சாமிக்கு மாலை போடுவதுபோலப் போட்டுவிட்டு ரெஞ்சை வைத்து ஒரே இறுக்காக இறுக்கினான்.

பம்ப் அடித்தார்கள். ஐந்தாவது அடியில் எல்போவின் கழுத்தில் முத்து முத்தாகத் தண்ணீர்.

"கசியுது," என்றார் ஏ.இ. அம்மா. "எல்லாருக்கும் இன்னொரு சான்ஸ் உண்டு. கழட்டித் திரும்பப் போடுங்க. இருபது நிமிஷம்."

பொன்னுரங்கம் கழற்றினான். பிசுபிசுத்த சணலை வழித்துப் போட்டான். புதுச் சணலைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருஷத்தில் நூற்றுக்கணக்கில் ஜாயிண்ட் போட்டவனுக்குச் சணல் எவ்வளவு எடுப்பது என்று தெரியவில்லை. அவன் தலை நிமிர்ந்து, வேலிப் பக்கம் திரும்பியது.

கிளியம்மாள் தூக்கைக் கீழே வைத்தாள். கூப்பிட முடியாது, சொல்ல முடியாது. இடது கை விரல் ஒன்றை நீட்டினாள், அதுதான் பைப். வலது கையால் ஒன்றுமில்லாத காற்றிலிருந்து கொஞ்சமாகச் சணல் பிரித்தாள். நுனியை விட்டாள். ஒரு கணு தள்ளிப் பிடித்தாள். கட்டைவிரலால் அமுக்கி, அமுக்கி, நிதானமாகச் சுற்றினாள். பார்க்கிறவர்களுக்கு, எவளோ ஒருத்தி வேலியோரம் நின்று விரலில் காயத்துக்குத் துணி சுற்றுகிறாள் என்றுதான் தோன்றியிருக்கும்.

அவன் பார்த்தான். குனிந்தான். சுற்றினான்.

பத்து நிமிஷம் ஆயிற்று. எல்போவின் கழுத்து காய்ந்தே இருந்தது. ஏ.இ. அம்மா விரலால் தடவிப் பார்த்து டிக் போட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பொன்னுரங்கம் வாய் ஓயவில்லை. சரிவுக் கணக்கை எப்படிப் போட்டான், தெருக் குழாயில் துளை போடுவதைப் பற்றிக் கேட்டதற்கு என்ன சொன்னான், பக்கத்தில் இருந்தவன் எப்படி விழித்தான். சணலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

மாசியில் கார்டு வந்தது. போட்டோவில் பொன்னுரங்கம் முறைத்துக்கொண்டிருந்தான். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். லோகநாதன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, போட்டோல போலீஸ் மாதிரி கீறீங்க," என்றான். ஜெபராஜ் ஊரிலிருந்து ஒரு தபால் கார்டு எழுதியிருந்தார்.

முதல் வேலையும் வந்தது. லக்ஷ்மிநாராயணனே கூப்பிட்டனுப்பினார், மகன் வீட்டுக்குப் புது இணைப்பு. "இப்ப உன் பேர்லயே தைரியமாப் போடலாம் பாரு," என்றார், அதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தவர் மாதிரி.

காலையில் பொன்னுரங்கம் பாரத்தை டிரங்குப் பெட்டி மேல் வைத்து, பேனாவும் ஸ்கேலுமாக உட்கார்ந்தான். கிளியம்மாள் பக்கத்தில் சணல் கட்டைப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஒவ்வொரு கட்டமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான். பத்தாவதில் பைப் அளவு. பன்னிரண்டாவதில் பணி செய்பவர் பெயர். அங்கே பேனாவை ஒரு தடவை உதறிவிட்டுத் தன் பெயரைப் பெரிதாக எழுதினான். பதின்மூன்றில் லைசென்ஸ் எண். கார்டைப் பார்த்துப் பார்த்து எழுதினான். பிறகு ஸ்கேலை எடுத்து வைத்தான். சரக்கென்று ஒரு கோடு.

கிளியம்மாளின் கை நின்றது.

"இன்னாய்யா அது?"

"இன்னா?"

"பதினாலு."

அவன் குனிந்து பார்த்தான். "அது உதவியாள் கட்டம்மே. இப்போ நான்தானே லைசென்ஸ்காரன். எனுக்கு யாரு..." என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்தினான்.

அவள் சணலை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"சொல்லு. யாரு? பன்னெண்டு வருசமா பள்ளத்துல தண்ணி எறைச்சது யாரு? சணல் சுத்துனது யாரு? பரீட்சைல கைய பெசஞ்சிகினு குந்தியிருந்தியே, அப்போ எங்க பாத்த? ஆகாசத்தயா பாத்த?"

பொன்னுரங்கம் ஸ்கேலைக் கீழே வைத்தான். அவன் முகம், அன்றைக்குக் கார்பன் காப்பியைப் பார்த்தபோது இருந்ததுபோல இருந்தது.

"கை பயக்கத்துல போட்டுச்சிமே. சத்தியமா. வேற பாரம் வாங்கியாறேன், இரு."

"ஒண்ணும் வோணாம். கோடு இருக்கட்டும். அதும் மேல எய்து. பக்கத்துல கையெய்த்துப் போடு, தேதி போடு. இன்னாத்த அட்ச்சோம்னு பின்னால வர்றவங்களுக்குத் தெரியட்டும்."

அவன் பேனாவை எடுத்தான். கோட்டின் மேலே கொண்டுபோய் வைத்தான். எழுதவில்லை.

"இப்போ இன்னா?"

"இனிசியலு இன்னா போடறது? உங்கப்பன் பேரா, எம்பேரா?"

"மொதல்ல எம்பேர எய்துய்யா. அத்த அப்பால பாத்துக்கலாம்."

எழுதினான். அவள் பாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். ஒரு தடவை வாசித்தது போதாமல் இன்னொரு தடவையும் வாசித்தாள். பிறகு சணலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுது கிளம்பு என்றாள்.